காசு ஏன் இப்படி ஆனது? சிதைந்த நாணயத்தின் காரணத்தை அறிகுறி பார்த்துக் கண்டுபிடிக்கும் வழி

நாணயம் சேர்ப்பவர் என்று ஒருமுறை பேர் எடுத்துவிட்டால் போதும், அக்கம்பக்கத்தில் யாருக்கு விநோதமான காசு கிடைத்தாலும் அது நம் மேசைக்கு வந்துவிடும். மதுரையில் எங்கள் வீட்டில் அப்படி வந்து சேர்ந்தவை ஒரு பிஸ்கட் டப்பா நிறைய இருக்கின்றன. அப்பளம் போல மெலிந்த 10 பைசா, ஒரு பக்கம் வழவழவென்று மொட்டையாகிப்போன 5 ரூபாய், பச்சை பூத்த காலணா, நடுவட்டம் கழன்ற 10 ரூபாய். கொண்டுவருகிறவர்கள் கேட்பது அநேகமாக ஒரே கேள்விதான்: “இது அச்சுப் பிழைதானே? நல்ல விலை போகுமா?”

அச்சுப் பிழை என்பது காசு அச்சடிக்கும் அக்கசாலையை விட்டு வெளியே வரும்போதே காசில் இருந்த குறை. மற்றதெல்லாம் அதன் பிறகு மனிதர் கையிலோ மண்ணிலோ தண்ணீரிலோ நெருப்பிலோ பட்ட காயம். முன்னதற்குச் சேகரிப்பாளர்கள் காசு கொடுப்பார்கள், பின்னதற்கு அநேகமாகக் கொடுக்க மாட்டார்கள். ஆனால் இந்தக் காயம் எப்படி வந்தது என்று துருவிக் கண்டுபிடிப்பதில் எனக்கு விலையைவிடப் பெரிய ஆசை உண்டு. ஒரு காசு எந்த வீட்டில், எந்தத் தண்ணீரில், யாருடைய கழுத்தில் கிடந்தது என்பதை அது தன் உடம்பிலேயே எழுதி வைத்திருக்கிறது. அதைப் படிக்கும் முறையைத்தான் இங்கே சொல்கிறேன்.

கழுவாதீர்கள், முதலில் எடை போடுங்கள்

விநோதமான காசு கையில் கிடைத்ததும் நம் ஆட்கள் செய்கிற முதல் காரியம் புளி போட்டுத் தேய்ப்பது. தயவுசெய்து வேண்டாம். தடயம் முழுக்க மேற்பரப்பில்தான் இருக்கிறது. புளி பட்ட செம்பு ஒரு நிமிடத்தில் இளஞ்சிவப்பாகப் பளபளக்கும், அதோடு சாட்சியும் போய்விடும்.

தேவைப்படுவது மூன்று பொருள். நகை எடை பார்க்கும் சின்ன டிஜிட்டல் தராசு (0.01 கிராம் வரை காட்டுவது), ஒரு காந்தம், பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லென்ஸ்.

தராசு சொல்லும் பதிலைப் புரிந்துகொள்ள, அந்தக் காசு புதிதாக இருந்தபோது என்ன எடை என்று தெரிய வேண்டும். அடிக்கடி கைக்கு வருபவற்றைச் சொல்கிறேன். 1983 முதல் 1991 வரை வந்த செம்பு-நிக்கல் ஒரு ரூபாய் 6 கிராம். 1992-இல் எஃகுக்கு மாறிய ஒரு ரூபாய் 4.85 கிராம். 2011-இல் வந்த சின்ன ஒரு ரூபாய் 3.79 கிராம். 1992 முதல் வந்த அந்தக் கனமான 5 ரூபாய் 9 கிராம். இரட்டை உலோக 10 ரூபாய் 7.71 கிராம். பிரிட்டிஷ் கால வெள்ளி ரூபாய் 11.66 கிராம். பட்டியலில் இல்லாத காசு என்றால் அதே வருடத்து, அதே வகையில் நல்ல காசு ஒன்றைத் தேடிப் பக்கத்தில் வைத்து நிறுங்கள்.

காந்தம் அடுத்தது. 1992-க்குப் பிந்தைய எஃகு ஒரு ரூபாய் துள்ளி ஒட்டும். செம்பு-நிக்கல் ஒட்டவே ஒட்டாது. வெள்ளியும் ஒட்டாது. 1947-ஆம் வருடத்து புலி போட்ட ஒரு ரூபாய் பார்க்க வெள்ளி போல இருக்கும், ஆனால் அது நிக்கல், எனவே ஒட்டும்.

இப்போது ஒரு கேள்வி கேளுங்கள். இந்தக் காசில் உலோகம் *போயிருக்கிறதா*, *நகர்ந்திருக்கிறதா*, அல்லது வேறேதோ *வந்து சேர்ந்திருக்கிறதா*? எடை குறைந்திருந்தால் போயிருக்கிறது. எடை சரியாக இருந்து உருவம் மட்டும் மாறியிருந்தால் நகர்ந்திருக்கிறது. எடை கூடியிருந்தால், அல்லது எடை அப்படியே இருக்க நிறம் மட்டும் மாறியிருந்தால், வந்து சேர்ந்திருக்கிறது. பத்து வருடமாக நான் பார்த்த காசுகளில் இந்த ஒரு கேள்வி பாதி வேலையை முடித்துவிட்டது. மீதிப் பாதிதான் கீழே வருகிற அறிகுறிகள்.

எழுத்து, முகம் எல்லாம் மழுங்கிவிட்டது, எடையும் குறைவு

இது இயல்பான தேய்மானமா, திராவகமா என்று பிரிக்க வேண்டும். கைமாறித் தேய்ந்த காசில் மேடான இடம்தான் முதலில் போகும். ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய் என்றால் கன்னம், காதோரம், கிரீடத்தின் மணிகள். விளிம்பை ஒட்டிய எழுத்துகள் மேடான ஓரத்தின் காவலில் இருப்பதால் கடைசி வரை நிற்கும். மேற்பரப்பு வழவழப்பாக, கூழாங்கல் போல இருக்கும்.

திராவகம் தின்ற காசு இதற்கு நேர்மாறு. திராவகத்துக்கு மேடு பள்ளம் கிடையாது, எல்லா இடத்தையும் ஒரே சீராகத் தின்னும். அதனால் படம் முழுதாகத் தெரியும், ஆனால் காசே சின்னதாக, மெல்லியதாக ஆகிவிட்டிருக்கும். லென்ஸில் பார்த்தால் ரவை கொட்டியது போலச் சொரசொரப்பு. விளிம்பின் பல்வரிசை, அதாவது ஓரத்தைச் சுற்றி ஓடும் சின்ன வரிகள், இருக்கும், ஆனால் கரைந்த சர்க்கரைத் துண்டு போல முனை மழுங்கியிருக்கும். “மெல்லிய தகட்டில் அடித்த அபூர்வப் பிழை” என்று விற்கப்படுகிற காசுகளை இந்த இரண்டு அடையாளத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உண்மையிலேயே மெல்லிய தகட்டில் அச்சடித்த காசு சொரசொரப்பாக இருக்காது. மெல்லிய தகட்டில் அச்சு அழுத்தம் குறைவாகப் படுவதால் நடுப்பகுதி மங்கலாக விழுந்திருக்கும், ஆனால் படமில்லாத வெற்றிடம் பளபளப்பாக இருக்கும்.

அலுமினியக் காசுக்குத் திராவகமே தேவையில்லை, சுண்ணாம்பு போதும். இதை நான் கற்றுக்கொண்டது எங்கள் அப்பத்தாவின் சுருக்குப்பையிலிருந்து.

அப்பத்தா போனபின் அந்தப் பையைத் திறந்தபோது, காய்ந்த பாக்குச் சீவல், சுண்ணாம்பு டப்பா, அதனடியில் நான்கு காசு. மூன்று எஃகு. நான்காவது, ஓரம் பூவிதழ் போல வளைந்த பழைய 10 பைசா. அந்த வகை 1971 முதல் 1982 வரை வந்தது, புதிதில் 2.3 கிராம். இது 1.88 நின்றது. ஒரு பக்கம் பிறைவடிவில் அரித்து, பிறைக்குள் சின்னச் சின்னக் குழிகள், குழிக்குள் வெள்ளை மாவு. மற்ற பக்கம் அசோகச் சிங்கத்தின் பிடரி முடி கூடத் தெரிந்தது. அரித்த பிறையின் வளைவை டப்பாவின் அடிவிளிம்போடு சேர்த்துப் பார்த்தேன், அச்சாகப் பொருந்தியது. மூடி சரியில்லாத டப்பாவிலிருந்து கசிந்த ஈரச் சுண்ணாம்பு, வருடக்கணக்கில் காசின் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. சுண்ணாம்பு காரம். காரம் அலுமினியத்தைக் கரைக்கும், பக்கத்திலேயே கிடந்த எஃகை ஒன்றும் செய்யாது. அந்தக் குழியில் இருந்த வெள்ளை மாவை நான் இன்றுவரை சுத்தம் செய்யவில்லை.

எனவே அலுமினியக் காசில் ஒரு பக்கம் மட்டும் அரிப்பு என்றால் சுண்ணாம்பு, சிமெண்டு, சலவை சோடா இவற்றை முதலில் சந்தேகப்படுங்கள். கட்டட வேலை நடந்த இடத்தில் கிடைத்த காசில் இது சர்வ சாதாரணம்.

ஒரு பக்கம் மொட்டை, மறுபக்கம் புதுசு போல

டப்பாவில் இருக்கிற அந்த 5 ரூபாய் இந்த ரகம். இங்கே தராசுதான் நீதிபதி. அக்கசாலையில் இரண்டு வெற்றுத் தகடு ஒன்றன்மேல் ஒன்றாக அச்சுக்குள் போய்விட்டால் ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம்தான் படம் விழும். அது மெய்யான பிழை, அதன் எடை முழுசாக இருக்கும். என்னிடம் உள்ளது 7.61 கிராம்தான். ஒன்றரைக் கிராமுக்குக் கொஞ்சம் குறைவாக உலோகம் போயிருக்கிறது. மொட்டைப் பக்கத்தைச் சாய்வான வெளிச்சத்தில் பிடித்தால் ஒரே திசையில் ஓடும் நேர்க்கோடுகள். யாரோ சாணைக்கல்லில் வைத்து இழைத்திருக்கிறார்கள்.

கோடுகள் நேராக இல்லாமல் எல்லாத் திசையிலும் தாறுமாறாக இருந்து, கூடவே சின்னக் குத்துப் பள்ளங்களும் இருந்தால், சாலையில் கிடந்து வண்டிச் சக்கரம் மிதித்த காசு. பேருந்து நிலையத் தரையில் பொறுக்கியவற்றில் பாதி இப்படித்தான். பள்ளத்துக்குள் தார் கறுப்பாக ஒட்டியிருக்கும்.

மூன்றாவது காரணம் நகை. கழுத்தில் தொங்கிய காசில் உடம்போடு உரசிய பின்பக்கம் தேயும், முன்பக்கம் நிற்கும். தேய்மானம் மென்மையாக, துணியால் மெருகேற்றியது போல இருக்கும், கோடே தெரியாது. அப்படி இருந்தால் உடனே விளிம்பின் உச்சியைப் பாருங்கள். அதற்குத் தனியாக வருகிறேன்.

தட்டையாகி, நீண்டு, முகம் இழுபட்டிருக்கிறது

எடை சரியாக இருக்கும், ஏனென்றால் உலோகம் எங்கும் போகவில்லை, நகர்ந்திருக்கிறது. ஓரம் பிளேடு போல மெலிந்து, வட்டம் முட்டை வடிவாகியிருந்தால் தண்டவாளத்தில் வைத்த காசு. ரயில் போகும் திசையில் படமும் சேர்ந்து நீளும். வாய் அகன்ற சிங்கம் என்று ஒரு பையன் கொண்டுவந்து காட்டினான். இதைச் செய்து பார்க்க வேண்டாம் என்று அவனிடம் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். தண்டவாளத்தில் உயிர் போகும். தவிர, 2011-ஆம் வருட நாணயச் சட்டப்படி காசை உருக்குவதும் சிதைப்பதும் ஏழு வருடம் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.

சுத்தியலால் அடித்ததில் ஒரே திசை நீட்சி இருக்காது. ஒவ்வொரு அடியும் தனித்தனி வட்டத் தழும்பாகத் தெரியும்.

இவற்றோடு குழம்பக்கூடிய மெய்யான பிழை ஒன்று உண்டு. அச்சடிக்கும்போது காசைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும் எஃகு வளையம் இல்லாமல் போனால், உலோகம் பக்கவாட்டில் பரவி, காசு வழக்கத்தைவிட அகலமாக, விளிம்பில் பல் இல்லாமல் வரும். அதில் படம் இழுபட்டிருக்காது. எழுத்து ஒவ்வொன்றும் கூர்மையாக இருக்கும், சுற்றிலும் வெறும் இடம் மட்டும் அதிகமாக இருக்கும்.

விளிம்பு மட்டும் உள்நோக்கி உருண்டு, எழுத்துகளைத் தள்ளிக்கொண்டு நிற்கிறதா? வாஷிங் மெஷினின் சுழலும் தொட்டிக்கும் வெளித்தொட்டிக்கும் நடுவில் மாட்டிய காசாக இருக்கலாம். மெஷின் பழுது பார்க்கிறவர்களிடம் கேட்டால் ஒரு கைப்பிடி எடுத்துக் காட்டுவார்கள்.

இன்னொரு காசின் படம் கண்ணாடியில் தெரிவதுபோல் குழிந்து விழுந்திருக்கிறது

அச்சில் ஒரு காசு வெளியேறாமல் ஒட்டிக்கொண்டு, அடுத்த தகட்டின்மேல் தானே அச்சாக இறங்கினால் இப்படி வரும். இரண்டு பக்கமும் ஒரே படம், ஒன்று மேடு, இன்னொன்று பள்ளம். நம் நாட்டு வியாபாரிகள் இதை “லக்கி” என்பார்கள். நல்ல விலை உண்டு. அதனால்தான் போலியும் உண்டு.

போலி செய்வது எளிது. இரண்டு காசைச் சேர்த்து வைஸில், அதாவது பட்டறையில் இருக்கும் இரும்புப் பிடியில், வைத்து இறுக்கினால் ஒன்றின் படம் இன்னொன்றில் பதியும். ஆனால் அப்போது அந்த இடத்தில் *முன்பே இருந்த* படத்தின் மிச்சம் அடியில் தெரியும். எதிர்ப்பக்கமும் வைஸின் தாடையில் நசுங்கித் தட்டையாகியிருக்கும். மெய்யான லக்கியில் பள்ளப் படம் மட்டும்தான், சுத்தமாக, ஓரம் முதல் ஓரம் வரை இருக்கும்.

ஒரு கோடு குறுக்கே ஓடுகிறது, அல்லது எழுத்தைக் காணவில்லை

கோடு மேடா பள்ளமா? நகத்தை மெல்ல ஓட்டிப் பாருங்கள், தெரியாவிட்டால் லென்ஸ். மேடாக இருந்தால் அச்சில் விரிசல் விழுந்து அதற்குள் உலோகம் ஏறியிருக்கிறது, அக்கசாலையிலேயே நேர்ந்தது. பள்ளமாக இருந்தால் பிறகு வந்த கீறல். இந்த ஒரு விதியைத் தெரிந்துகொண்டாலே ஏமாறுவது வெகுவாகக் குறையும்.

காணாமல்போன எழுத்துக்கும் அதே மாதிரி சோதனை. அச்சின் குழியில் எண்ணெய்ப் பிசுக்கும் உலோகத் தூளும் அடைத்துக்கொண்டால் அந்த எழுத்து காசில் விழாது. விழாத இடம் சுற்றுப்புறத்தைப் போலவே பளபளப்பாக இருக்கும். சுரண்டி எடுத்திருந்தால் அங்கே மட்டும் பளபளப்பு வேறு, கருவி ஓடிய தடம் இருக்கும், இடம் ஒரு மயிரிழை பள்ளமாகவும் இருக்கும். வருடத்தின் கடைசி எண் “இல்லாத” காசைப் பார்த்தால் சுரண்டலைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

ஓரத்தில் ஒரு துண்டு கடித்தெடுத்தது போல

தகட்டுச் சுருளிலிருந்து வட்டம் வெட்டும்போது, முந்தைய வட்டத்தின் ஓட்டைமேல் கத்தி இறங்கினால் பிறைத்துண்டு குறையும். இந்தக் கடிக்கு நேர் எதிரே உள்ள விளிம்பைப் பாருங்கள். அங்கே விளிம்பு மங்கலாக, பாதி எழும்பாமல் இருக்கும், ஏனென்றால் ஓரத்தை மேடாக்கும் இயந்திரத்தில் எதிர்ப்பக்கம் காலியாக இருந்ததால் இங்கே அழுத்தம் கிடைக்கவில்லை. கடியை ஒட்டிய எழுத்துகள் கடியின் பக்கமாகச் சற்று வழிந்திருக்கும். பிறகு கத்தரித்ததில் இது இரண்டும் இராது. எதிர்விளிம்பு முழுசாக நிற்கும், வெட்டிய இடத்தில் அரத்தின் கீறல் இருக்கும்.

கைச்சுத்தியலால் அடித்த பழைய காசுகளை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். முகலாய ரூபாயில் அச்சு தகட்டைவிடப் பெரிது, எனவே எழுத்தில் ஒரு பகுதிதான் விழும். அது குறையே அல்ல. கோணல்மாணலான பழைய புதுக்கோட்டை அம்மன் காசைக் கையில் வைத்துக்கொண்டு யாரோ வெட்டிவிட்டார்கள் என்று வருத்தப்பட்டவரை நான் பார்த்திருக்கிறேன். அது பிறந்ததே அப்படித்தான்.

பச்சை

செம்பு கலந்த காசில் பச்சை என்றால் எல்லாரும் களிம்பு என்று ஒரே பேர் வைத்துவிடுகிறார்கள். ஆனால் மூன்று பச்சை உண்டு, மூன்றுக்கும் வைத்தியம் வேறு.

முதலாவது, கெட்டியாக, வழவழப்பாக, நகத்தால் கீறினால் வராத பச்சை. மண்ணுக்குள் நூற்றுக்கணக்கான வருடம் கிடந்த காசுக்கு மண் போட்ட போர்வை அது. கரூரில் அமராவதி ஆற்று மணலில் கிடைத்த பழங்காசுகளில் இதைப் பார்க்கலாம். அதற்குக் கீழே எழுத்து பத்திரமாக இருக்கிறது. தொடாதீர்கள்.

இரண்டாவது, வெளிர்பச்சை மாவு. தட்டினால் உதிரும், அடியில் குழி இருக்கும், துடைத்து வைத்தாலும் சில வாரத்தில் மறுபடி பூக்கும். இதுதான் வெண்கல நோய். கடலோர மண்ணிலோ உப்புத் தண்ணீரிலோ கிடந்த காசுக்குள் குளோரைடு ஏறியிருக்கும். காற்றின் ஈரம் பட்டதும் அது அமிலமாகிச் செம்பை அரிக்கும், அரித்ததில் மீண்டும் குளோரைடு உருவாகும், மீண்டும் அரிக்கும். காசு மாவாகும்வரை இந்தச் சுழற்சி நிற்காது. உடனே மற்ற காசுகளிலிருந்து பிரித்து வையுங்கள். காய்ச்சி வடித்த தண்ணீரில் ஊறப்போட்டு, தண்ணீரை அடிக்கடி மாற்றி, வாரக்கணக்கில் பொறுமையாக உப்பை வெளியேற்ற வேண்டும். நன்றாக உலர்த்தி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள். ஐப்பசி கார்த்திகை மழையில் மறுபடி எடுத்துப் பாருங்கள். நோய் போகவில்லை என்றால் அப்போது தெரிந்துவிடும்.

மூன்றாவது பச்சை நாமே செய்கிற பாவம். விரலில் ஒட்டுகிற, பசை போன்ற பச்சை. மெத்தென்ற பிவிசி பிளாஸ்டிக் உறைகளில் வருடக்கணக்கில் போட்டு வைத்தால் அந்த பிளாஸ்டிக் கசிந்து காசில் படியும். ஆல்பத்தில் வரிசையாக எல்லாக் காசிலும் ஒரே மாதிரிப் பச்சை என்றால் சந்தேகமே வேண்டாம், உறைதான் காரணம். சுத்தமான அசிட்டோனில் சிறிது நேரம் ஊறவிட்டால் கரைந்துவிடும், தேய்க்கத் தேவையில்லை. நகப்பூச்சு நீக்கியை அசிட்டோன் என்று நினைத்து ஊற்றாதீர்கள், அதில் எண்ணெயும் வாசனையும் சேர்ந்திருக்கும். அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும், எனவே அடுப்பும் பூஜை விளக்கும் இல்லாத, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள்.

நிறம் மாறிவிட்டது

எஃகுக் காசில் வைக்கோல் மஞ்சள், ஊதா, நீலம் என்று வானவில் போல நிறம் இருந்தால் நெருப்பில் பட்டது. குப்பை எரித்த இடத்திலும், சுடுகாட்டுச் சாம்பலில் நெற்றிக்காசாகவும் இப்படிக் கிடைக்கும். நெற்றிக்காசு என்று தெரிந்தால் நான் அதை வாங்குவதில்லை, கொண்டுவந்தவரிடமே கொடுத்து ஆற்றில் சேர்க்கச் சொல்லிவிடுவேன். அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும், எனவே தீயில் விழுந்த 20 பைசாவின் மூலை மெழுகு போலத் தொங்கியிருக்கும்.

செம்புக் காசு வெள்ளையாக மாறியிருந்தால், ஈயம் பூசியிருக்கலாம். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர்கள் சோதனைக்குக் காசில் பூசிப் பார்ப்பது உண்டு. பாதரசம் தேய்த்தும் இருக்கலாம். பாதரசம் என்று சந்தேகம் வந்தால் வெறுங்கையால் தொடாதீர்கள், சூடுபடுத்தவே கூடாது. அந்த ஆவி நஞ்சு. தங்க நிறத்தில் ஒரு ரூபாய் வந்தால் கவரிங் முலாம். விளிம்பில் எங்காவது உரசிய இடத்தில் வெள்ளை எஃகு எட்டிப் பார்க்கும், காந்தமும் ஒட்டும்.

சிவப்பு, மஞ்சள் பிசுக்கு எழுத்துகளின் இடுக்கில் மட்டும் இருந்தால் கோயில் உண்டியல். குங்குமமும் மஞ்சளும் நெய்யும்.

எஃகுக் காசில் பழுப்புப் புள்ளிகள், புள்ளிக்கு நடுவே ஊசிக்குத்து போன்ற குழி இருந்தால் உப்புத் தண்ணீர். ராமேஸ்வரம், கன்னியாகுமரிக் கடலில் போட்ட காசு கரையேறி வரும்போது இந்தத் தோற்றத்தில் இருக்கும். துருப்பிடிக்காத எஃகு என்பது கிணற்றுத் தண்ணீருக்குத்தான் பொருந்தும், கடலுக்கு இல்லை.

ஓட்டை

1943 முதல் 1947 வரை வந்த ஒரு பைசாவுக்கு நடுவில் பெரிய ஓட்டை அக்கசாலையிலேயே போட்டது. “ஓட்டைக் காலணா” என்று பேச்சில் நிலைத்துவிட்டது அதுதான். மற்றக் காசுகளில் ஓட்டை இருந்தால் அது எங்கே இருக்கிறது என்று பாருங்கள். தலைக்கு நேர் மேலே, விளிம்பை ஒட்டி என்றால் கோத்துக் கட்டுவதற்கு. குழந்தையின் அரைஞாணிலோ காசுமாலையிலோ இருந்திருக்கும். ஓட்டையின் மேல்பாதி மட்டும் நூல் அறுத்து நீள்வட்டமாகியிருந்தால் நெடுங்காலம் தொங்கியிருக்கிறது. ஓட்டை துல்லியமான வட்டமாக, உள்சுவர் புதுசாகப் பளபளத்தால் டிரில் போட்டு அதிக நாள் ஆகவில்லை. ஒரு பக்கம் உலோகம் பிதுங்கி மறுபக்கம் குழிந்திருந்தால் ஆணி.

ஓட்டை போடாமலும் தொங்கவிடுவார்கள். அப்போது உச்சியில் வளையம் வைத்துப் பற்றவைத்திருப்பார்கள், பிறகு வெள்ளி விலைக்காக விற்கும்போது வளையத்தைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தை அரத்தால் சமன் செய்திருப்பார்கள். என்னிடம் 1919-ஆம் வருட ரூபாய் ஒன்று இருக்கிறது. தூரத்தில் பார்த்தால் குறையே இல்லை. விளிம்பைச் சுற்றி லென்ஸை ஓட்டிக்கொண்டே வந்தால், மன்னரின் கிரீடத்துக்கு நேர் மேலே ஏழெட்டுப் பல் காணாமல் போகிறது. அந்த இடத்தில் மட்டும் சற்று மஞ்சளோடிய வெள்ளை, பற்றவைத்த பொடியின் நிறம். ஒரு மூலையில் கண்ணாடித் துணுக்கு போல ஒன்று மின்னுகிறது. தட்டார் வைத்த வெண்காரம் உருகி இறுகியது அது. பின்பக்கம் தேய்ந்திருக்கிறது, முன்பக்கம் இல்லை. யாரோ ஒருத்தி மன்னர் முகம் வெளியே தெரிகிற மாதிரிப் பல வருடம் கழுத்தில் போட்டிருக்கிறாள்.

வேண்டுமென்றே போட்ட வெட்டும் குத்தும்

வெள்ளிக் காசின்மேல் சின்னச் சின்ன நட்சத்திரம், பிறை, புள்ளி என்று தனி முத்திரைகள் குத்தியிருந்தால் சேதம் என்று ஒதுக்காதீர்கள். சராப்புகள், அதாவது காசு மாற்றுகிற வணிகர்கள், வெள்ளி தரமானதா என்று சோதித்துத் தங்கள் அடையாளத்தைக் குத்தினார்கள். முகலாய ரூபாயிலும் கம்பெனி ரூபாயிலும் இது நிறைய உண்டு. தேய்ந்த காசுக்கும் பழைய வருடத்துக் காசுக்கும் வட்டம், அதாவது கழிவு, பிடித்துக்கொண்டுதான் மாற்றுவார்கள். வங்காளத்தில் இந்த வருடக் கணக்கின் தொல்லை தாங்காமல், கிழக்கிந்தியக் கம்பெனி எந்த வருடம் அச்சடித்தாலும் முகலாயப் பேரரசர் ஷா ஆலமின் 19-ஆம் ஆட்சியாண்டையே காசில் போட்டது.

பாதியாக அல்லது குறுக்கே வெட்டுப்பட்ட பிரிட்டிஷ் வெள்ளிக் காசுக்கு அரசாங்கமே காரணமாக இருக்கலாம். 1906-ஆம் வருட நாணயச் சட்டப்படி, எடை குறைந்த காசையும் கள்ளக் காசையும் அதிகாரம் பெற்றவர்கள் வெட்டி முடக்க வேண்டும். எனவே வெட்டுப்பட்ட ரூபாய் கிடைத்தால் எடையோடு உலோகத்தையும் சோதியுங்கள். உள்ளே செம்போ ஈயமோ தெரிந்தால் அது அந்தக் காலத்துக் கள்ளக் காசு, வெட்டியவர் தன் கடமையைச் செய்திருக்கிறார்.

இந்த ரகத்தில் எல்லாவற்றையும்விடப் பழையது நம் மண்ணிலேயே கிடைத்தது. 1898-இல் புதுக்கோட்டைச் சீமையில் கருக்காக்குறிச்சியில் 501 ரோமானியத் தங்கக் காசு ஒரே புதையலாகக் கிடைத்தது. அவற்றில் பெரும்பாலானவற்றில் பேரரசர் தலையின் குறுக்கே உளியால் ஓங்கி ஒரு வெட்டு. பிழையும் இல்லை, விபத்தும் இல்லை. காசாக மறுபடி புழங்க விடாமல், வெறும் தங்கமாக எடைபோட்டுக் கொள்வதற்காக வெட்டினார்கள் என்பது அறிஞர்கள் சொல்லும் காரணங்களில் ஒன்று.

அப்படி வெட்டு விழுந்த காசு உங்களிடம் வந்தால் வெட்டின் உள்சுவரைத்தான் முதலில் பார்க்க வேண்டும். செம்பும் வெள்ளியும் காலத்தால் கறுக்கும், தங்கத்தில் மண் படியும். உள்சுவரிலும் வெளியே உள்ள அதே கறுப்பு, அதே மண் ஏறியிருந்தால் வெட்டு காசோடு சேர்ந்து வயதானது. வெளியே கறுப்பாகவும் வெட்டுக்குள் பளிச்சென்றும் இருந்தால், யாரோ உள்ளே என்ன உலோகம் என்று பார்க்க அண்மையில் வெட்டியிருக்கிறார்கள். எடையையும் காந்தம் சொன்னதையும் காசு கிடைத்த இடத்தையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, காசோடு சேர்த்தே உறைக்குள் வையுங்கள். பிவிசி இல்லாத உறையாகப் பார்த்து.